கத்தரிப்பூ நிறத்தில் ஒரு பண்பாட்டு நாள்

சலவை இயந்திரத்தின் வட்டக் கதவைத் திறந்ததும் நுரைக்கு முதலில் தோன்றியது, யாரோ விளையாட்டுக்காக உள்ளே ஒரு மூட்டை கத்தரிக்காயைக் கொட்டி வைத்திருக்கிறார்கள் என்றுதான். அடுத்துத் தோன்றியது, பின்வாசல் திறந்திருக்கிறதா என்று.

உள்ளே இருந்தது காய்கறி இல்லை. சலவைக்கூடத்தில் வேலை செய்கிறவர்கள் அவரவர் ஊரிலிருந்து பெட்டிக்கு அடியில் வைத்துப் பத்திரமாகக் கொண்டுவந்திருந்த நல்ல உடுப்புகள். வெள்ளை அங்கி, சந்தன நிற மேல்சட்டை, இளமஞ்சள் பாவாடை, பூவேலை செய்த சால்வை என்று உள்ளே போனவை எல்லாம் இப்போது பாகுபாடே இல்லாமல் ஒரே கத்தரிப்பூ நிறத்தில் ஒன்றையொன்று கட்டிப்பிடித்துக்கொண்டு கிடந்தன. நடுவே, தனக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்பதுபோல் வெளிறிப்போய்ச் சுருண்டிருந்தது ஒரு நீளத் துணி. காரியத்தைச் செய்தது அதுதான். செய்யவைத்தது நுரை.

எதிர்ச் சுவரில் நுரையே தன் கைப்பட எழுதி ஒட்டிய அறிவிப்பு அவனைப் பார்த்துக்கொண்டிருந்தது: 'வண்ணம் தனி. வெள்ளை தனி. மீறுகிறவன் மனுஷனே இல்லை.'

நுரை என்பது பெற்றவர்கள் வைத்த பெயரல்ல. வேலைக்குச் சேர்ந்த புதிதில் சோப்புத்தூளை அவன் கண்மண் தெரியாமல் கொட்டியதில், நுரை கதவிடுக்கில் வழிந்து, படியேறி, விடுதியின் வரவேற்பறைக்கே போய் விருந்தாளிகளை வரவேற்றது. அன்றிலிருந்து அவன் நுரை. வேண்டுமென்று எதையும் கெடுக்கிற ஆள் இல்லை. எல்லாவற்றையும் கொஞ்சம் கூடுதல் நன்றாகச் செய்யப் பார்ப்பான், அவ்வளவுதான்.

அந்தச் சலவைக்கூடம் விடுதியின் கீழ்த்தளத்தில் இருந்தது. மேலே அறைகளில் படுத்தெழுகிறவர்களின் விரிப்பும் உறையும் துவாலையும் ஒரு பெரிய குழாய் வழியாகத் தொப்புத் தொப்பென்று கீழே விழும். கீழே இருந்தவர்கள் ஆளுக்கொரு ஊர், ஆளுக்கொரு சாப்பாடு, கோபம் வந்தால் திட்டுவதற்கு ஆளுக்கொரு மொழி. மற்றபடி, இயந்திரச் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்தியே பழகிய ஒரு பொதுப் பேச்சு. அதில் இரகசியம் சொன்னால் அடுத்த தெருவுக்குக் கேட்கும்.

இவர்களைக் கூட்டி நிறுத்தித்தான் மேனேஜரம்மா போன வாரம் அறிவித்தாள்.

"அடுத்த வாரம் உலகம் பூரா கொண்டாடற நாளு ஒண்ணு வருது. பண்பாட்டுப் பன்மை நாள்! தலைமை அலுவலகத்துலேருந்து பெரியவர் வர்றார். எல்லாரும் அவங்கவங்க ஊர் உடுப்புல நிக்கணும். வித்தியாசமா இருக்கணும், புரியுதா? யாரும் யார் மாதிரியும் இருந்துடக் கூடாது!"

உடுப்புகளைத் துவைக்கும் பொறுப்பு நுரைக்கு. மாட்டவேண்டிய பதாகையும் அவனிடமே வந்தது. கத்தரிப்பூ நிறத் துணி, அதில் வெள்ளை எழுத்துகளை வெட்டி ஒட்டியிருந்தார்கள். அதை மேசையில் விரித்து வைத்து அழகு பார்த்தவன், பார்த்தபடியே தேநீரையும் அதன்மேல் வைத்தான். அது சாய்ந்தது. சத்தமில்லாமல் ஓர் அலசு அலசினால் போயிற்று என்று நினைத்தான். இயந்திரத்தில் இடமும் இருந்தது. பாதி காலியாக இயந்திரம் ஓடினால் அவனுக்கு வயிறு எரியும். தேநீர்க் கறை போகட்டும் என்று நல்ல கொதிநீரையும் திறந்துவிட்டான். எழுத்துகள் கழன்றன, சாயமும் கழன்றது.

மற்ற உடுப்புகளுக்காகக்கூட எப்படியாவது காலில் விழுந்துவிடலாம். சால்வைதான் விஷயம். அது பொத்தானுடையது.

பொத்தான் அங்கே தையல்காரி. கிழிந்த விரிப்பும் அறுந்த பொத்தானும் அவளிடம்தான் போகும். அவளும் தனி ஆள், நுரையும் தனி ஆள். இருவருக்கும் காதோரம் நரைத்துவிட்டது. அவளைக் கல்யாணம் செய்துகொள்ள வேண்டும் என்று நுரைக்கு வெகுநாள் ஆசை. அதை அவளிடம் எத்தனையோ தடவை கேட்டும்விட்டான். அவள் ஒரு தடவைகூட நேராகப் பதில் சொன்னதில்லை என்பதுதான் அவன் மனக்குறை.

விரிப்பு மடிக்கும்போதுதான் கேட்பான். பெரிய விரிப்பை மடிக்க இரண்டு பேர் வேண்டும். ஆளுக்கு இரண்டு மூலையைப் பிடித்து, இழுத்து, ஓர் உதறு உதறி, நீளவாக்கில் மடித்து, எதிரும் புதிருமாக நடந்து வந்து மூலையோடு மூலை சேர்க்க வேண்டும். அந்த நொடியில்தான் அவள் முகம் பக்கத்தில் வரும்.

"தனியா ஒருத்தருக்குச் சமைக்கறது ரொம்பக் கஷ்டங்க, இல்ல?" என்பான்.

"அப்ப கடையில சாப்பிடுங்க" என்று அவள் மடிப்பை எடுத்துக்கொண்டு பின்னால் போய்விடுவாள்.

"வீட்டுல ரெண்டு நாற்காலி இருக்குங்க. ஒண்ணு சும்மாவே கிடக்கு."

"துணி காயப் போடுங்க."

இதற்குமேல் ஒரு மனுஷன் எப்படித்தான் வாய்விட்டுக் கேட்பது?

அந்தச் சால்வை அவள் அம்மா பூவேலை செய்து கொடுத்தது. "கையாலதான் அலசணும். மெஷின் பக்கமே கொண்டுபோகக் கூடாது" என்று சொல்லித்தான் கொடுத்தாள். நுரையும் கையால்தான் அலசினான், குழந்தையைக் குளிப்பாட்டுவது மாதிரி. அதோடு விட்டிருக்கலாம். கடைசியாக மெஷினில் ஒரே ஒரு சுற்று விட்டால் இன்னும் பளிச்சென்று இருக்குமே என்று பட்டது. அவளை அசத்திவிடலாமே என்று பட்டது.

"என்னய்யா இது?" பின்னாலிருந்து குரல். இஸ்திரி அண்ணன். கதவு உயரத்துக்கு ஆள், எதற்கும் அசராதவர். ஈரம் சொட்டும் தன் அங்கியை உருவித் தூக்கிப் பார்த்தார். முதுகுப்பக்கம் 'ப' என்று ஒரு வெள்ளை எழுத்து அட்டைப்பூச்சி மாதிரி ஒட்டியிருந்தது. பிய்த்துப் பார்த்தார். அது வருவதாக இல்லை.

"அண்ணே, நான் வந்து..."

"நீ ஒண்ணும் வரவேணாம். அங்கேயே நில்லு."

மடிப்பக்கா ஓடிவந்தாள். கன்வேயரில் வரும் துவாலைகளை நாளெல்லாம் மடிக்கிறவள். இளமஞ்சள் பாவாடை அவளுடையது. அதை இடுப்பில் வைத்துப் பார்த்தவள் சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்துச் சிரித்துத் துவாலைக் குவியலிலேயே உட்கார்ந்துவிட்டாள். "எங்க அம்மா இதைப் பார்த்திருந்தா உன்னையும் சேர்த்து முக்கியெடுத்திருப்பா!"

பொத்தான் கடைசியாக வந்தாள். சால்வையை வாங்கினாள். பூக்களை ஒவ்வொன்றாகத் தடவினாள். தையல் போகவில்லை, நிறம்தான் போயிருந்தது.

"கோபமாங்க?" என்றான் நுரை.

"நேரமாச்சு. இஸ்திரிக்குக் குடுங்க."

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பான்.

மேனேஜரம்மா வந்தபோது பெரியவரின் கார் வாசலில் நுழைந்துகொண்டிருந்தது. அவள் உடுப்புகளைப் பார்த்தாள், நுரையைப் பார்த்தாள், கூரையைப் பார்த்தாள். அங்கேயும் உதவி ஒன்றும் இல்லை.

"போடுங்க. எல்லாரும் அதையே போட்டுக்கிட்டு நில்லுங்க. யாராவது மெஷினைப் பத்தி வாயைத் திறந்தீங்க..." மிரட்டலை முடிக்க நேரமில்லை. வெளிறிய பதாகையை ஈரத்தோடு கம்பியில் மாட்டச்சொல்லிவிட்டு வாசலுக்கு ஓடினாள்.

பெரியவர் உள்ளே வந்தார். எதைப் பார்த்தாலும் பூரித்துப்போகிற மாதிரியான முகம். வரிசையாக நின்ற கத்தரிப்பூ நிற மனிதர்களைப் பார்த்துவிட்டு, சற்று நிதானித்து, முதலில் பதாகையைக் கையால் காட்டினார்.

"எழுத்தே இல்லையே?"

"எல்லா மொழிக்கும் இடம் விட்டிருக்கோம் சார்" என்றாள் மேனேஜரம்மா, மூச்சு வாங்க.

"அடடா!" அவர் கண் கலங்கிவிட்டது. பிறகு இஸ்திரி அண்ணனிடம் வந்தார். "உங்க ஊர்லயும் இந்த நிறம்தானா?"

பொய்யே பேசாதவர் என்று இஸ்திரி அண்ணனுக்குப் பெயர். நுரை அவரைப் பார்த்துக் கும்பிடாத குறை. அண்ணன் பெருமூச்சு விட்டார்.

"ஆமாங்க. எங்க ஊர்ல உயரமா இருக்கறவங்க மட்டும்தான் இதைப் போடலாம். மேகத்துக்கு மரியாதை."

"முதுகுல இருக்கற அடையாளம்?"

"குடும்பச் சின்னம். அதைப் பத்தி வெளியாளுங்ககிட்டப் பேசறதில்லைங்க."

பெரியவர் பதறிப்போய் மன்னிப்புக் கேட்டார். அடுத்து மடிப்பக்கா. அவளுக்குக் கேள்வியே தேவைப்படவில்லை. "எங்க பக்கம் மாமியார் மருமகளோட சமாதானமாகிற அன்னிக்கு மட்டும்தான் சார் இந்த நிறம் கட்டுவோம். அதான் புத்தம்புதுசா இருக்கு பாருங்க!"

வரிசை முழுக்க இப்படியே போனது. வண்டி தள்ளுகிறவர், தங்கள் ஊரில் இந்த நிறம் போட்டவனை நாய் கடிக்காது என்றார். காவலாளி, கடித்தாலும் வலிக்காது என்றார். ஆளுக்கொரு பண்பாட்டை நின்ற நிலையில் தைத்து மாட்டிவிட்டார்கள். அத்தனையும் தனக்காகத்தான் என்று நுரைக்குத் தெரிந்தது. போதாக்குறைக்கு வரிசைக் கடைசியில் அம்மாவின் சால்வையைத் தோளில் போட்டபடி பொத்தான் நின்றாள்.

"உங்க ஊர்ல எப்படி?" பெரியவர் இப்போது நுரையின் முன்னால் நின்றார்.

ஒரு சின்னப் பொய் போதும். மேனேஜரம்மாவின் கண்கள் அதைத்தான் கெஞ்சின. நுரை வாயைத் திறந்தான். பொத்தானின் சால்வை கண்ணில் பட்டது.

"எங்க ஊர்ல இந்த நிறத்துக்கு ஒண்ணும் கிடையாதுங்க. இவங்க சொன்னது எதுவும் நிஜமில்ல. பதாகையில தேத்தண்ணி கொட்டிட்டேன். எல்லார் துணியோடயும் சேர்த்துப் போட்டுக் கொதிக்கக் கொதிக்கத் துவைச்சுட்டேன். நான்தான் கெடுத்தேன். இவங்க என்னைக் காப்பாத்தறாங்க."

மேனேஜரம்மா சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

பெரியவர் அவனையே பார்த்தார். பிறகு மெல்லக் கை தட்ட ஆரம்பித்தார்.

"என்ன ஒரு உவமை! எல்லாரும் ஒரே தண்ணியில... ஒரே கொதிப்புல... ஒருத்தர் சாயம் இன்னொருத்தர் மேல... எத்தனையோ கூட்டத்துல பேசியிருக்கேன். இதைவிட அழகா யாரும் சொன்னதில்ல."

"இல்லீங்க, நிஜமாவே மெஷின்ல..."

"அடக்கம் வேற!" என்றார் பெரியவர்.

நுரை தன் வாழ்நாளில் பேசிய மிகப் பெரிய உண்மையை ஒருவரும் நம்ப மறுத்த கதை இதுதான்.

அதோடு போயிருந்தால் தேவலை. பூரிப்பு தாங்காத பெரியவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார். "இத்தனை ஊர்க்காரங்க சேர்ந்திருக்கீங்க. உங்க எல்லாருக்கும் பொதுவா ஒரு ஆட்டம் இல்லாமலா இருக்கும்? அதைக் காட்டுங்களேன்."

மேனேஜரம்மா இருமினாள். இஸ்திரி அண்ணன், உயரமானவர்கள் ஆடக்கூடாது என்று முந்திக்கொண்டார். அப்போது பொத்தான் வரிசையிலிருந்து விலகி, மேசையிலிருந்த பெரிய விரிப்பு ஒன்றை எடுத்து உதறினாள்.

"வாங்க" என்றாள் நுரையிடம். "மூலையைப் பிடிங்க."

பிடித்தான். இருவரும் விரிப்பின் நீளத்துக்குத் தள்ளி நின்றார்கள். இழுத்தார்கள். ஒரே உதறு. விரிப்பு காற்றில் எழும்பி அடங்கியது. "ஆஹா!" என்றார் பெரியவர். மடிப்பக்கா துவாலையால் மேசையைத் தட்டித் தாளம் போடத் தொடங்கினாள்.

நீளவாக்கில் மடித்து, எதிரெதிரே நடந்து வந்தார்கள். மூலையும் மூலையும் சேர்ந்தன.

"சால்வைக்கு நான் என்ன பண்ணட்டுங்க?" என்றான் நுரை தணிந்த குரலில்.

"அதுக்கு ஒண்ணும் பண்ண வேணாம். அந்தப் பூவுக்கெல்லாம் நிறம் சரியா அமையலன்னு எங்கம்மாவே கடைசிவரைக்கும் புலம்பிட்டிருந்தாங்க." மடிப்பைக் குனிந்து எடுத்துக்கொண்டு பின்னால் போனாள். விரிப்பு இப்போது பாதி.

மறுபடி வந்தாள். "மெஷின் பக்கம் போகாதேன்னு சொன்னேனா இல்லையா?"

"சொன்னீங்க. இன்னும் நல்லா இருக்கட்டுமேன்னு..."

"அதான் உங்ககிட்ட வியாதி." மறுபடி பின்னால் போனாள். விரிப்பு கால்வாசி ஆகியிருந்தது. பெரியவர் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். கூடமே தாளம் போட்டது.

அடுத்த தடவை அவள் நகரவில்லை. சின்னதாகிவிட்ட விரிப்பு இருவர் கையிலும் இருந்தது.

"ஒருவழியா இன்னிக்கு வாயைத் திறந்து நேராப் பேசினீங்க. அதுவும் மூணாம் மனுஷர்கிட்ட" என்றாள். "என்கிட்ட நாற்காலியைப் பத்திதானே பேசுவீங்க?"

"நான் எத்தனை தடவை கேட்டேன், நீங்கதான் பதிலே..."

"எப்பய்யா கேட்டீங்க? நாற்காலி காலியா இருக்குன்னீங்க. ஒருத்தருக்குச் சமைக்க முடியலன்னீங்க. சமையல்காரி தேடறீங்களா, மரச்சாமான் விக்கறீங்களான்னு நான் எதைக் கண்டேன்?"

நுரைக்குக் காது மடல் சுட்டது. விரிப்பை இறுகப் பிடித்துக்கொண்டான். சத்தத்துக்கு மேலே கத்திப் பழகிய தொண்டை. மெதுவாகக் கேட்கத்தான் நினைத்தான்.

"என்னைக் கட்டிக்கறீங்களா?"

தாளம் நின்றுவிட்டது. கேள்வி குழாய் வழியாக மேலே போய் எல்லா அறைக்கும் கேட்டிருக்கும்.

பொத்தான் விரிப்பின் கடைசி மடிப்பை மடித்து அவன் கையில் வைத்தாள். அதன்மேல் தன் கையையும் வைத்தாள்.

"கட்டிக்கறேன்" என்றாள். "துணி நான்தான் துவைப்பேன்."