நேராகப் போகாத படகு

காலையில் படகோட்டி அழகன் தனியாக ஓட்டியபோது கோடு போட்ட மாதிரி நேராகப் போன படகு, கேஷிகா ஏறியதும் நெளிய ஆரம்பித்தது.

"நம்ம டிரைவரு இன்னைக்கும் தண்ணி போட்டுட்டாரு மிஸ்," என்றான் அழகன்.

அவன் டிரைவர் என்றது சுக்கானைப் பிடித்திருந்த கருவியை. கை நீளக் குழாய்தான். உள்ளே ஒரு மோட்டார், ஒரு திசைகாட்டி. போக வேண்டிய திசையைச் சொல்லிவிட்டால் அதுவே சுக்கானைத் தள்ளியும் இழுத்தும் படகை ஓட்டிக்கொண்டு போகும். பக்கத்தில் ஆள் இல்லாமல் பாய்ப்படகில் போகிறவர்களுக்காகச் செய்தது. ஹட்டனுக்கு அப்பால், தேயிலை மலைகளுக்குக் கீழே நீர்த்தேக்கத்தின் கரையில் இருக்கும் அந்த விடுதி, யாரோ விற்றுவிட்டுப் போன படகை இந்தக் கருவியோடு சேர்த்து வாங்கியிருந்தது.

கேஷிகா, தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கும் அவள் லயத்திலிருந்து பல்கலைக்கழகம் போன முதல் ஆள். மின்னணுவியல் பட்டத்தை வைத்துக்கொண்டு இரண்டு வருஷம் வீட்டில் சும்மா இருந்தாள். கடைசியில் கிடைத்தது விடுதியின் கருவிகளைப் பார்த்துக்கொள்ளும் இந்த வேலைதான், அதுவும் சோதனைக்கு. மேலாளர் இம்தியாஸ் காலையிலேயே சொல்லிவிட்டார்:

"இங்க பாருங்க மிஸ், மத்தியானம் கெஸ்ட் வாராரு. தனியா ஓட்டணுமாம். அதுக்குள்ள சரி வரலன்னா கொழும்புலேருந்து ஆள் கூப்பிடுவேன். பொறகு நீங்க வரத் தேவையில்ல."

வந்த இரண்டு வாரமும் அவள் சும்மா இருக்கவில்லை. பேட்டரியை மாற்றினாள். பச்சை பூத்துக் கிடந்த பிளக்கைச் சுரண்டினாள். மோட்டாரைக் கழற்றிப் பூட்டினாள். திசைகாட்டி பழகிக்கொள்வதற்காகப் படகை மெதுவாக வட்டமடிக்க விட்டாள். துறையில் கட்டி வைத்தால் எல்லாம் சரி. பாய் விரித்துப் படகு சாய்ந்தால் போதும், நெளிவு.

"அதுக்கு ஒங்கள புடிக்கல மிஸ். நான் ஏறினா நல்லாத்தானே ஓடுது."

"வாயை மூடுங்க அண்ணன்."

சொல்லிவிட்டுத்தான் யோசித்தாள். அவன் கேலியில் ஒரு கணக்கு இருந்தது. அவன் தனியாகப் போனால் நேர், அவளும் ஏறினால் நெளிவு. அப்படியென்றால் கோளாறு அவளிடம்.

படகைத் துறைக்குத் திருப்பச் சொன்னாள். போனையும் கொண்டை ஊசியையும் எடுத்துத் துறையில் வைத்துவிட்டு, அழகனோடு மறுபடி ஒரு சுற்றுப் போனாள். நெளிந்தது. காதுத் தோட்டையும் கழற்றினாள். நெளிந்தது. மிச்சம் இருந்தது அவளுடைய பை. முதல் நாளிலிருந்து கருவிக்கு நேர் கீழே இருந்த கொக்கியில்தான் தொங்குகிறது. படகு சாயும்போதெல்லாம் அதுவும் ஊசலாடியது.

கரையில் பையை வைத்து, போனில் திசைகாட்டியைத் திறந்து பக்கத்தில் கொண்டுபோனாள். முள் சுழன்றது.

சோற்றுப் பெட்டி பிளாஸ்டிக். குடை வீட்டில் கிடந்தது. பையின் அடித்துணியைத் தடவினாள். புதிதாகத் தையல் போட்டிருந்தது. பிரித்தால் உள்ளே அப்பாவின் கவ்வாத்துக் கத்தி. தேயிலைச் செடியை வெட்டி வெட்டி மெலிந்து வளைந்த கத்தி. அவர் போய் மூன்று வருஷமாயிற்று.

அம்மா பேச்சியம்மாவின் வேலை. தண்ணீரில் காத்துக் கருப்பு இருக்கும், இரும்பு துணைக்கு இருந்தால் அண்டாது என்று முதல் நாளே புலம்பினாள். கேஷிகா போட்ட சத்தத்தில் அடங்கிவிட்டாள் என்று பார்த்தால், அடங்கிப்போய்த் தைத்திருக்கிறாள்.

கேஷிகாவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இரண்டு வாரம்! பிளக், மோட்டார், பேட்டரி!

கத்தியைத் துறைப் பலகையில் வைத்தாள். அழகன் படகில் கால் வைக்கப் போனான்.

"நீங்க வேணாம். கெஸ்ட் தனியாத்தானே போகப் போறாரு."

"ஒங்களுக்கு நீச்சல் தெரியாதே மிஸ்?"

"லைஃப் ஜாக்கெட் போட்டிருக்கேன்ல."

அவன் பழக்கிவிட்டதில் பாயை ஏற்றி இறக்கும் அளவுக்கு அவளுக்குத் தெரியும். முன்பு வட்டமடித்தபோது பையும் கூடவே இருந்ததால், கருவி கத்தியையும் சேர்த்தே பழகியிருந்தது. அதை அழித்துவிட்டு மறுபடி வட்டமடித்தாள். பிறகு எதிர்க்கரையைக் குறிவைத்துப் பொத்தானை அழுத்தினாள். காற்று பிடித்தது. படகு சாய்ந்தது. கருவி முனகியது, சுக்கான் கொஞ்சம் அசைந்தது, படகு நேராகப் போனது. நேராகவே போனது.

கூவ வேண்டும் போலிருந்தது. யாரைக் கூப்பிட்டு? விருந்தினர்கள் கண்ணாடிக் கூடத்தில் சாப்பிடுவார்கள், வேலையாட்கள் அடுப்படியில். அவள் அங்கேயும் உட்கார முடியாமல் இங்கேயும் உட்கார முடியாமல் இரண்டு வாரமாகத் துறையில்தான் சோற்றுப் பெட்டியைத் திறந்தாள். லயத்தில் கூடப் படித்தவர்கள் பாதிப் பேர் கொழும்பில். மிச்சப்பேர் அவளைக் கண்டால் பேச்சை நிறுத்துவார்கள். நடுத்தண்ணீரில் ஒரு குழாய் படகை ஓட்டிக்கொண்டிருந்தது. அவள் கைக்கு வேலை இல்லை.

திரும்பியபோது இம்தியாஸ் துறையில் நின்றார். கத்தி அவர் கையில்.

"சரி போலயே! என்னதான் கோளாறு?"

"ஒங்க கையில இருக்கே, அதான். என் பையில கெடந்துச்சு. இரும்பு பக்கத்துல இருந்தா திசை கொழம்பும்."

"கத்தி எதுக்கு மிஸ்?"

"பேய்க்கு."

அவர் சிரித்த சிரிப்பில் அடுப்படியிலிருந்து இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள். "டிகிரி படிச்ச புள்ள, பேய்க்குக் கத்தியா?"

"நான் வைக்கல சேர், எங்கம்மா வச்சாங்க. ஆனா பை என்னோடது. சிரிச்சு முடிச்சிட்டீங்கன்னா சொல்லுங்க, வேலை உண்டா இல்லையா?"

"பிளக்குல கோளாறுன்னு சொல்லியிருந்தா நான் நம்பியிருப்பேனே."

"நாளைக்குக் கெஸ்ட் ஒரு ஸ்பேனரைக் கொண்டுபோய் அதே கொக்கியில மாட்டினா? அப்பவும் பிளக்குன்னு சொல்லவா?"

இம்தியாஸ் கத்தியைப் புரட்டிப் பார்த்துவிட்டு, பிடி அவள் பக்கம் இருக்கும்படி நீட்டினார். "கொக்கியக் கழட்டிருங்க. நாளையிலேருந்து நெரந்தரம்."

பஸ்ஸில் வழி முழுக்க அம்மாவிடம் போட வேண்டிய சண்டையை மனசுக்குள் போட்டுக்கொண்டே போனாள். ஒரு வார்த்தை மிச்சம் வைக்கவில்லை. வாசலில் கால் வைத்ததும் அம்மா பையைத்தான் முதலில் வாங்கினாள். கையில் தூக்கி, கனம் பார்த்தாள்.

"வேலை கெடைச்சிருச்சும்மா."

"தண்ணியில தனியாவா போன?"

"ம்."

"ஒண்ணும் ஆகலல்ல?"

கத்தியை உள்ளே வைத்து, பிரித்த தையலை அவளே பஸ்ஸில் ஊசி போட்டு மூடியிருந்தாள். கோணல் மாணலான தையல். அம்மா கண்டுபிடித்தாளா தெரியாது.

"ஆகல," என்றாள் கேஷிகா. "அதான் இருந்துச்சே."

மறுநாள் துறைக்கு வந்ததும் பையின் தையலைப் பிரித்துக் கத்தியை எடுத்துப் பலகையில், மழை படாத ஓரமாக வைத்தாள். விருந்தாளி எழுவதற்குள் ஒரு தடவை சோதித்துப் பார்த்துவிட வேண்டும். ஜாக்கெட்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு தனியாகப் படகில் ஏறினாள்.