காலை ஏழு மணி டம்ளர்

எதிர்வீட்டுத் தையற்காரி காலையில் டம்ளரை வீசுகிறாள் என்பது எங்கள் தெருவுக்கே தெரியும். தெரியாதவர்களுக்கு நான் சொல்லிவிட்டேன். போன மாதம் ஒரு தடவை வலிப்பு வந்து விழுந்தாள். கார்பமசெபின் என்று ஒரு மாத்திரை கொடுத்தார்கள். அதற்குப் பிறகு வீச்சு இன்னும் கூடியது. ஏழு மணி ஆனால் டங் என்று ஒரு சத்தம்.

அவள் மாமியார் முடிவே கட்டிவிட்டாள்.

"டீ குடுத்தா எறியுறா. திமிருக்கு ஏதுடா மாத்திரை? அவ அம்மா வீட்டுக்கே அனுப்பு."

புருஷன் பஸ் கண்டக்டர். டிக்கெட்டைத் தவிர வேறெதையும் கிழித்தவனில்லை. தலையை ஆட்டினான். பெட்டியும் கட்டியாகிவிட்டது, கட்டிலுக்கு அடியில்.

திங்கட்கிழமை டாக்டரிடம் மறுபடி போக வேண்டும். புருஷனும் மாமியாரும் அவளும் ஏறிய பிறகும் ஆட்டோவில் இடமிருந்தது, எனக்கும் முழங்கால் வலி இருந்தது, ஏறிக்கொண்டேன். "டம்ளர் கதைய அங்க எடுக்காத, மானம் போயிடும்" என்று வழியெல்லாம் மருமகளை மிரட்டிக்கொண்டே வந்தாள் மாமியார்.

"வேற ஏதாவது தொந்தரவு உண்டா?" என்றார் டாக்டர்.

மூவரும் சுவரைப் பார்த்தார்கள். எனக்கு நாற்காலியில் இருப்புக் கொள்ளவில்லை.

"டம்ளர எறியுறா டாக்டர். காலையில மட்டும். சரியா தூங்கலைன்னா ரெண்டு தடவை. சாயங்காலம் ஊசியில நூல் கோக்குற கை, காலையில சீப்பைக்கூட விட்டுடுது."

டாக்டரின் பேனா நின்றது. "எறியுறீங்களா, கை தானா வெட்டி இழுக்குதா?"

"தானாத்தான்," என்றாள் தையற்காரி. "பதினாலு வயசுலேர்ந்து. சொன்னா யாரு நம்புறா?"

"இதுவும் வலிப்புல ஒரு வகைதாம்மா. ஒண்ணுக்குக் கேக்குற மாத்திரை இன்னொண்ணைக் கூட்டிவிட்டுடும். லெவடிராசெட்டம்னு வேற தர்றேன். பழசை நீங்களா நிறுத்தாதீங்க, நான் எழுதுற மாதிரி கொஞ்சம் கொஞ்சமா குறைக்கணும். புதுசுல சிலருக்குக் கோபம் வரும். வந்தா சொல்லுங்க."

"இனிமேத்தானா?" என்றாள் மாமியார்.

அன்றிலிருந்து அவள் என்னோடு பேசவில்லை. நானும் ஏழு மணிக்கு ஜன்னலை விட்டு நகரவில்லை. முதல் வாரம் நாலு டங். இரண்டாவது வாரம் ஒன்று. அதன் பிறகு ஒன்றுமில்லை. அந்த அமைதிதான் என்னைப் படுத்தியது.

இருபத்திரண்டாம் நாள், டங்.

செருப்பைக்கூடப் போடாமல் ஓடினேன். மாமியார் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"என் கைதான் தவறிடுச்சு. போ, தெருவெல்லாம் சொல்லு."

தையற்காரி தன் டீயை ஒற்றைக் கையில் பிடித்து, கையையே பார்த்தபடி குடித்துக்கொண்டிருந்தாள். பெட்டி இன்னும் கட்டிலுக்கு அடியில்தான் இருந்தது. அதன்மேல் தைக்க வந்த துணி குவிந்திருந்தது.