மொட்டைமாடியில் வரும் ஓடிபி

பெயிண்டரின் மனைவிக்கு இதய வால்வில் கோளாறு. ஸ்கேன் இல்லாமல் ஆபரேஷன் இல்லை, ஆபரேஷன் தள்ளிப்போனால் உயிருக்கு உத்தரவாதமில்லை, அதுவரை படியேறவே கூடாது என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். இலவச ஸ்கேனுக்கு முன்பெல்லாம் வரிசையில் நின்றால் போதும். இப்போது ஆஸ்பத்திரிக்கு நாகரிகம் வந்துவிட்டது. காலை ஒன்பதுக்கு இணையத்தில் இருபது இடம் திறக்கும், கண்மூடித் திறப்பதற்குள் தீர்ந்துவிடும். மெயின் ரோட்டுக்கு அந்தப் பக்கம் பெயிண்ட் அடிக்கப் போன வீட்டில் அவரே பார்த்திருக்கிறார். அந்த வீட்டு ஐயா படுக்கையை விட்டு எழாமலே கட்டைவிரலால் தட்டி முடித்துவிட்டார்.

இவர்கள் பாடு வேறு. தெருமுனை பிரவுசிங் சென்டரில் படிவத்தை நிரப்பலாம். ஆனால் ஓடிபி வரவேண்டிய போனுக்கு அங்கே துளி சிக்னல் கிடையாது. கிடைக்கும் ஒரே இடம் அவர்கள் குடியிருக்கும் கட்டடத்தின் மொட்டைமாடி. மூன்று மாடி ஏறவேண்டும். ஆகவே பெயிண்டரின் தங்கை மேலே நின்று எண்களைக் கத்துவாள், நடுத்தெருவில் டெய்லர் அதை வாங்கிக் கத்துவார், கடைவாசலில் நிற்கும் பெயிண்டர் உள்ளே சொல்வார். தெருவே சிரித்தது. இரண்டு நாள் கத்தியதில் தொண்டை கட்டியதுதான் மிச்சம்.

மூன்றாம் நாள் ஒரே ஒரு இடம் மிச்சமிருந்தது.

"நாலு!" என்றார் டெய்லர். வெகுநேரம் கழித்து, "ஒண்ணு!"

இவளுக்கு இன்று என்ன வந்தது, இப்படி ஆடி அசைந்து சொல்கிறாள் என்று பெயிண்டர் பல்லைக் கடித்தார். ஐந்து எண் வந்தாயிற்று. ஆறாவதைக் காணோம்.

"அண்ணே! மேல நிக்கிறது தங்கச்சி இல்ல, அண்ணி!" என்று அலறினார் டெய்லர்.

பெயிண்டர் போட்டது போட்டபடி ஓடினார். மேலே தண்ணீர்த் தொட்டியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள் அவள். உதடு நீலம் பாரித்திருந்தது. போன் மட்டும் கையில் பத்திரமாக இருந்தது.

"உங்க தங்கச்சியை ஷிஃப்டுக்குக் கூப்பிட்டுட்டாங்க. கடைசி நம்பர் ஏழுங்க. மொதல்ல அதைச் சொல்லுங்க."

அவளைத் தாங்கிக்கொண்டே, "ஏழு!" என்று அடிவயிற்றிலிருந்து கத்தினார். டெய்லர் அதைக் கடைக்குள் கத்தினார். மாடியில் இருவரும் காத்திருந்தார்கள். ஓடிவந்தது சரியா தப்பா என்று பெயிண்டருக்கே தெரியவில்லை.

"நேரம் முடிஞ்சுபோச்சாம் அண்ணே!" என்றது கீழிருந்து டெய்லரின் குரல்.

அவர் அழுதுவிட்டார். அவள் முந்தானையால் அவர் முகத்தைத் துடைத்தாள். மூச்சு ஒருநிலைக்கு வர நெடுநேரமாயிற்று.

"விடுங்க. நாளைக்கு எட்டு மணிக்கே ஏற ஆரம்பிச்சுடறேன்," என்றாள்.