படுதாவுக்கு அந்தப் பக்கம்

பழனி அடிவாரத்தில் பூஜைச் சாமான் கடை வைத்திருந்த சேனாதிபதி, ஊர் ஊராக வருகிறவர்களுக்கெல்லாம் மலைக்கு வழி சொல்லுகிறவர். தன் வீட்டாரை மட்டும் ஒட்டன்சத்திரம் தாண்டிக் கூட்டிப்போனதில்லை. ஐம்பத்தெட்டாம் வருஷம் ஐப்பசியில் அந்தக் குறையைத் தீர்த்துவிடுவது என்று முடிவெடுத்தார். கொடைக்கானலுக்கு எல்லாரும் சித்திரையில் போவார்கள். அது விவரமில்லாதவர்கள் போகிற காலம் என்பது அவர் கட்சி. கடைக்கு ஒருமுறை வந்த அயர்லாந்துக்காரத் துரை ஒருவர், மழைக்காலக் கொடைக்கானல் தன் ஊரைப் போலவே இருக்கும் என்று சொன்னாராம். அப்படியானால் துரை ஏன் ஊரை விட்டு வந்தார் என்று மனைவி சிவபாக்கியம் கேட்டாள். சேனாதிபதி அதை ஒரு கேள்வியாகவே எடுத்துக்கொள்ளவில்லை.

சின்ன பஸ் ஒன்றை வாடகைக்குப் பிடித்தார். தம்பிமார், தங்கைமார், அவர்கள் பிள்ளைகள், மைத்துனன் இராமலிங்கம் என்று வண்டி நிறைந்தது. முந்தின நாள் முழுவதும் அடுப்படியில் நின்று புளியோதரையும் முறுக்கும் செய்த சிவபாக்கியம் ஓய்வெடுக்கட்டும் என்று கடைசி வரிசையில், சோற்று அண்டாவுக்குப் பக்கத்தில் அவளுக்கு இடம் ஒதுக்கினார்கள். அண்டா சாயாமல் பிடித்துக்கொள்ளும் வேலை மட்டும்தான்.

வத்தலக்குண்டு தாண்டி மலைப்பாதையில் ஏறியதும் மழை பிடித்துக்கொண்டது. பஸ்ஸுக்குக் கண்ணாடி ஜன்னல் கிடையாது. இரண்டு பக்கமும் தார்ப்பாய்ப் படுதாவை இறக்கிக் கட்டினார்கள். சேனாதிபதி டிரைவர் பாவாவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, இடது பக்கம் பள்ளத்தாக்கு, வலது பக்கம் அருவி என்று விளக்கிக்கொண்டே வந்தார். குடும்பம் பயபக்தியோடு இடது பக்கத் தார்ப்பாயையும் வலது பக்கத் தார்ப்பாயையும் மாறி மாறிப் பார்த்தது. ஒன்றைவிட ஒன்று அழகாக இருப்பதாக இராமலிங்கம் சொன்னான். மச்சானின் கடையில்தான் அவனுக்கு வேலை.

கொண்டை ஊசி வளைவுகள் ஆரம்பித்தன. அயர்லாந்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த சேனாதிபதி, பாதியில் வாயைப் பொத்திக்கொண்டு படுதாவைத் தூக்கித் தலையை வெளியே நீட்டினார். அதுவரை இயற்கைக் காட்சியை நேருக்கு நேர் பார்த்தவர் அவர் ஒருவர்தான்.

ஊத்து என்ற இடத்துக்குச் சற்று முன்னால் மண் சரிந்து பாதையை அடைத்துக் கிடந்தது. ரோட்டு வேலைக்காரர்கள் மண்வெட்டியோடு நிதானமாக மலையை அப்புறப்படுத்திக்கொண்டிருந்தார்கள். மத்தியானத்துக்குள் வழி கிடைத்துவிடும் என்றார்கள். சேனாதிபதியின் முகம் வெளுத்துப்போயிருந்தது. வண்டியைத் திருப்பச் சொன்னார். பார்க்க வேண்டியதையெல்லாம் பார்த்தாகிவிட்டது என்றார். இராமலிங்கமும் மனநிறைவோடு தலையாட்டினான்.

அண்டா மட்டும் தனியாக உட்கார்ந்திருப்பதை அப்போதுதான் கவனித்தார்கள். சிவபாக்கியத்தைக் காணோம்.

குடும்பமே இறங்கி ஆளுக்கொரு திசையில் கத்தியது. சேனாதிபதி உண்மையாகவே பதறிப்போனார். பள்ளத்தை எட்டிப் பார்த்தார், வெறும் பனி. மண்மேட்டில் ஏறி அந்தப் பக்கம் இறங்கி, செருப்பைச் சேற்றுக்குத் தானம் கொடுத்துவிட்டு ஓடினார். பண்ணைக்காட்டுக்குப் பாதை பிரியும் இடத்தில் ஒரு காப்பிக்கடை இருந்தது. மதீனா பீவியும் அவள் புருஷனும் நடத்துகிற கடை. அங்கே பெஞ்சில், நனைந்த முந்தானையைப் பிழிந்து தோளில் போட்டபடி, கையில் ஆவி பறக்கும் தம்ளரோடு சிவபாக்கியம் உட்கார்ந்திருந்தாள்.

"ஒன்னைய எங்கெல்லாந் தேடுறது? வா, ஊருக்குப் போவோம்."

அவள் எழுந்திருக்கவில்லை.

"கல்யாணமாகி இத்தன வருசத்துல, அடுத்தவுக கையால ஒரு காப்பி இன்னைக்குத்தாங்க குடிக்கிறேன். முடிச்சிட்டு வாறேன். மேல போவோம்."

"மேல என்ன தெரியும்? பூராவும் பனியாக் கெடக்கு."

"வீட்டுலயும் எனக்குப் புகைதான தெரியுது. இது குளுகுளுன்னாச்சும் இருக்கு."

மதீனா பீவி அவருக்கும் ஒரு தம்ளர் கொண்டுவந்து வைத்தாள். கடைக்காரர் என்ற முறையில், குறை சொல்ல முடியாத சரக்கு என்பது அவருக்கு முதல் வாயிலேயே தெரிந்துபோயிற்று. அவள் பக்கத்தில் உட்கார்ந்து குடித்தார். என்ன பேசுவதென்று தெரியவில்லை. வாழ்க்கையில் அவருக்கு அது புது அனுபவம்.

வழி கிடைத்ததும் பாவா, "அக்கா, இங்கிட்டு முன்னால வாங்க" என்று சீட்டைத் துடைத்துக் கொடுத்தான். அண்டாவைச் சேனாதிபதி பிடித்துக்கொண்டார். தலைச்சுற்றலுக்கு அது ஒரு பிடிமானமாகவும் இருந்தது.

கொடைக்கானலில் ஏரி இருப்பதாக உள்ளூர்க்காரர்கள் சத்தியம் செய்தார்கள். பனியில் தண்ணீரின் ஓரம் மட்டும் ஒரு முழம் தெரிந்தது. படகுக்காரன் மலைச்சாமி கொட்டகைக்குள் முடங்கியிருந்தான். இந்த மழையில் யாரும் போகமாட்டார்கள், நாளைக்கு வாருங்கள் என்றான். சிவபாக்கியம் படகில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். வேறு வழியில்லாமல் அவன் துடுப்பை எடுத்தான். கூட வர யாரும் தயாராக இல்லை. சளி பிடிக்கும் என்று இராமலிங்கம் கரையிலிருந்தே அக்காளை எச்சரித்தான்.

படகு பனிக்குள் மறைந்தது. குடும்பம் குடை பிடித்துக்கொண்டு ஒன்றுமில்லாததைப் பார்த்தபடி நின்றது. கொஞ்ச நேரம் கழித்து உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. சிவபாக்கியம் வாய்விட்டுச் சிரித்து சேனாதிபதி கேட்டதே இல்லை. அது அவள் குரல்தானா என்று தங்கையிடம் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டார். என்ன வேடிக்கை என்று தெரியாமல் கரையில் நிற்பது அவருக்குக் கஷ்டமாக இருந்தது.

தொப்பலாக நனைந்து கரையேறியவளிடம், "அப்பிடி என்னத்தப் பாத்த?" என்றார்.

"ஒண்ணும் பாக்கலைங்க" என்றாள்.

பழனி திரும்பிய பிறகு பல வாரங்கள் சேனாதிபதி வாடிக்கையாளர்களிடம் பள்ளத்தாக்கையும் அருவிகளையும் வர்ணித்தார். அடுத்த ஐப்பசியில் சிவபாக்கியம் நாத்தனார் ஒருத்தியைச் சேர்த்துக்கொண்டு, சாதாரண பஸ்ஸில் மறுபடி கிளம்பினாள். போகலாமா என்று கேட்கவில்லை. போய்விட்டு வருகிறேன் என்று சொன்னாள். தானே யோசித்து அனுப்பிவைத்ததாகச் சேனாதிபதி கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.