கதவ மூடு

என் தம்பி மேடையேறி மைக்கைத் தட்டிப் பார்த்தபோதே எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. மைக்கைத் தட்டக் கூடாது. நான் பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர். என் பிழைப்பே மைக்கோடுதான். அதைத் தட்டுகிறவனைப் பார்த்தால் அவன் மண்டையில் ஒரு தட்டுத் தட்டலாமா என்றிருக்கும். அன்று நான் விருந்தாளி, அதனால் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அழைத்துக்கொண்டு வந்தது அவன் மனைவி. கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகாத பெண். "அண்ணி, போன தடவை அவர் பேசினப்போ எல்லாரும் எழுந்து நின்னு கைதட்டினாங்களாம். நானும் இன்னும் கேட்டதில்ல. நீங்க வந்து பக்கத்துல உக்காருங்க, அவருக்குச் சொல்ல வேண்டாம்" என்று போனில் கெஞ்சினாள். வரும் வழியில் இன்னொன்றும் சொன்னாள். "மாமாவக் கடைசி வரைக்கும் இவர்தான் பாத்துக்கிட்டார்னு கேள்விப்பட்டுத்தான் எங்க வீட்ல உடனே சரின்னாங்க." பெண் கேட்கப் போன இடத்தில் எங்கப்பாவைப் பற்றிப் பையன் கொஞ்சம் அளந்து விட்டிருப்பான், போகட்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு புத்தகக் கடையின் மாடி அது. மாதம் ஒரு சாயங்காலம் அங்கே ஆட்கள் கூடித் தங்கள் சொந்தக் கதையைச் சொல்வார்கள். நடத்துகிற அம்மாள் கண்ணாடியைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு விதிகளைச் சொன்னார். கதை உண்மையாக இருக்க வேண்டும். உங்களுக்கே நடந்திருக்க வேண்டும். பேச ஆசைப்படுகிறவர்கள் வாசலில் இருக்கும் கண்ணாடிக் குடுவையில் சீட்டுப் போடலாம். ஒருவர் சொன்ன கதைக்கு அடுத்தவர் மறுப்புச் சொல்லக் கூடாது. "இது கோர்ட்டு இல்லீங்க" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துத் தொலைத்தேன்.

தம்பி என்னைப் பார்த்தது மைக்கைத் தட்டிய பிறகுதான். ஒரு நொடி முகம் வெளுத்தது. அப்புறம் சிரித்தான். சின்ன வயதில் எதையாவது உடைத்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரிப்பானே, அதே சிரிப்பு. அக்கா காட்டிக்கொடுக்க மாட்டாள் என்று அவனுக்கு அத்தனை நம்பிக்கை.

"எங்கப்பா ஒரு லிப்ட் மெக்கானிக்" என்று ஆரம்பித்தான். அதுவரை சரி.

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்ததைச் சொன்னான். அதுவும் சரிதான். பிறகு, "நான் வேலைய விட்டுட்டு வீட்டோட இருந்தேன்" என்றான். வேலையை விட்டானாம். ஆஸ்பத்திரியில் அப்பா வாயில் குழாயோடு கிடந்தபோது ஒரு தடவை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனவன், அதன் பிறகு பாடை கட்டும்போதுதான் வந்தான். நடுவில் எல்லாம் "அடுத்த மாசம் கண்டிப்பா வரேன்க்கா" தான்.

அப்பாவைப் புரட்டிப் படுக்கவைப்பதைச் சொன்னான். முதுகில் புண் வராமல் இருக்கத் தலையணையை எங்கே கொடுப்பது என்று கையாலேயே காட்டினான். முகச்சவரத்துக்கு வந்தான். "செத்துப்போன பக்கத்துக் கன்னம் தொங்கிக் கிடக்கும். பிளேடு ஓடாது. என் விரல வாய்க்குள்ள விட்டுக் கன்னத்தத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டுத்தான் சவரம் பண்ணுவேன். ஒருநாள் கடிச்சுட்டார். இதோ, இங்க." விளக்கு வெளிச்சத்தில் ஆள்காட்டி விரலை உயர்த்திக் காட்டினான். அவ்வளவு தூரத்திலிருந்து யாருக்குத் தெரியப்போகிறது? வெறும் விரல் அது. கடிபட்ட விரல் என் மடியில் கிடந்தது. தழும்பை நான் கட்டை விரலால் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

இதெல்லாம் அவனுக்கு எப்படித் தெரியும் என்றால், நான் சொல்லித்தான். தினமும் சாயங்காலம் போன் பண்ணுவான். அப்பாவுக்கு ஊட்டி முடித்த அலுப்பில் நான் ஒன்று விடாமல் கொட்டித் தீர்ப்பேன். பாவம், தூரத்தில் இருக்கிறான், அவனுக்கும் அப்பாதானே என்று நினைத்தேன். ஐயாவோ குறிப்பெடுத்திருக்கிறார்.

அப்புறம் அப்பா பேச ஆரம்பித்தார். அவன் கதையில்தான். "'நீ சாப்பிட்டியாடா?'ன்னு கேப்பார். 'ராத்திரி முழிக்காத, உடம்பு கெட்டுடும்'னு சொல்லுவார்." பின்னால் ஒரு பெண் மூக்கை உறிஞ்சினாள். அவன் குரலைத் தாழ்த்தினான். பேச்சுப் பயிற்சி கொடுக்கிறவன் இல்லையா, எங்கே தாழ்த்துவது என்று தெரியும். "கடைசி நாள் என் கையப் பிடிச்சுக்கிட்டார். 'எனக்கு உன் மேல கோபமே இல்லடா'ன்னார். அவ்வளவுதான்."

சபை எழுந்து நின்றது. தம்பி மனைவி எழுந்து நின்று அழுதாள். நான் மட்டும் உட்கார்ந்திருந்தேன். சவரம் என்னுடையது, புண் பார்த்தது நான், அதையெல்லாம் எடுத்துக்கொண்டான் என்றால்கூட ஒருவேளை சும்மா வந்திருப்பேன். ஆனால் அந்த வார்த்தைகள்? எல்லாம் உண்மை என்று நினைத்து அவன் சொன்ன அந்த வார்த்தைகளில் ஒன்றையும் அப்பா பேசவில்லை என்பது இந்த உலகத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

இடைவேளையில் ஒரு சீட்டில் 'அறிவிப்பாளர்' என்று எழுதிக் குடுவையில் போட்டேன். தம்பிக்கு அப்புறம் பேச யாருக்கும் துணிச்சல் வரவில்லை போல. அந்த அம்மாள் கையை விட்டுத் துழாவி என் சீட்டைத்தான் எடுத்தார். வேறு சீட்டே இல்லை.

நான் மைக்கைத் தட்டவில்லை.

"விதி தெரியும். யாருக்கும் மறுப்பு சொல்லப்போறதில்ல. என் கதைய மட்டும் சொல்றேன்" என்றேன். "எங்கப்பாவும் லிப்ட் மெக்கானிக்தான்."

கூட்டத்தில் லேசாகச் சலசலப்பு. தம்பி சுவரில் சாய்ந்து நின்றிருந்தான். நான் அவன் பக்கமே திரும்பவில்லை.

"கதவு சரியா மூடலேன்னா லிப்ட் நகராது. அதனால எங்கப்பா வேலைல இருந்த காலம் பூரா, மேல் மாடிக்கும் கீழ் மாடிக்கும் ஒண்ணே ஒண்ணுதான் கத்துவார். 'கதவ மூடு.' பக்கவாதம் வந்து பேச்சு போனப்போ எல்லா வார்த்தையும் போயிடுச்சு. இது ஒண்ணு மட்டும் மிஞ்சிச்சு. சில பேருக்கு அப்படி ஒண்ணு ஒட்டிக்கிட்டு நிக்கும்னு டாக்டர் சொன்னார். தண்ணி வேணும்னாலும் 'கதவ மூடு'. வலிச்சாலும் 'கதவ மூடு'. டிவியில யாராவது வழுக்கி விழுந்தா சிரிச்சுக்கிட்டே 'கதவ மூடு'. பசிக்கு ஒரு மாதிரி இழுப்பார், துணி மாத்தணும்னா வேற மாதிரி வெட்டிச் சொல்லுவார். பச்சக் குழந்த அழுகைய அம்மா கண்டுபிடிக்கிற மாதிரி நானும் கண்டுபிடிச்சுட்டேன்."

கொஞ்சம் பேர் சிரித்தார்கள். சிரிக்கட்டும். நானும் அந்த வீட்டில் அதற்குச் சிரித்திருக்கிறேன்.

"எனக்கு ஒரு தம்பி. தினம் போன் பண்ணி, 'அப்பா என்ன சொன்னார்?'னு கேப்பான். அப்பா காதுல போன வெச்சா 'கதவ மூடு'ம்பார். அவன் சிரிச்சுக்கிட்டே, 'முதல்ல போய்க் கதவ மூடுக்கா, அப்பாவுக்குக் காத்து அடிக்குது போல'ம்பான். பேச்சே போயிடுச்சுன்னு அவன்கிட்ட சொல்ல எனக்கு மனசு வரல. அதனால நானா சொல்லுவேன். நீ சாப்பிட்டியான்னு கேட்டார். ராத்திரி முழிக்காதன்னு சொன்னார். செத்த அன்னிக்கு வந்து குழந்த மாதிரி அழுதான். உன் மேல கோபமே இல்லன்னு சொன்னார்டான்னேன்."

இப்போது ஒருவரும் சிரிக்கவில்லை. தம்பி மனைவி என்னைப் பார்ப்பதை நிறுத்திவிட்டுத் தலையைத் திருப்பி அந்தச் சுவர்ப் பக்கம் பார்த்தாள். அவளைத் தொடர்ந்து இன்னும் சில தலைகள் திரும்பின. நான் விரலை நீட்டிக் காட்டவில்லை. தேவைப்படவுமில்லை.

"கடைசி நாள் காலைல நான் டியூட்டிக்குக் கிளம்பினேன். என்னப் பாத்து 'கதவ மூடு'ன்னார். மெதுவா. அந்த மாதிரி அதுக்கு முன்னாடி அவர் சொன்னதே இல்ல. தண்ணி கொடுத்தேன், வேண்டாம்னு தலைய ஆட்டினார். புரட்டிப் படுக்க வெச்சேன், மறுபடியும் அதையே சொன்னார். அத்தன நாளா எல்லாத்தையும் புரிஞ்சுக்கிட்ட எனக்கு அது மட்டும் புரியல. லேட்டாயிடுச்சு. சரிப்பான்னு சொல்லி நிஜமாவே கதவ மூடிட்டுப் போயிட்டேன். என்ன கேட்டார்னு இன்னிக்கு வரைக்கும் தெரியாது. தெரிஞ்ச மாதிரி யாராவது பேசினா எனக்கு ஆத்திரமா வருது. அவ்வளவுதான் என் கதை."

கைதட்டல் வரவில்லை. யாரோ ஒருவர் ஆரம்பித்து, தனியாகத் தட்டுகிறோம் என்று தெரிந்து நிறுத்திக்கொண்டார். அந்த அம்மாள் கண்ணாடியை மாட்டினார், கழற்றினார்.

நான் படியிறங்கிக் கீழே கடை வாசலுக்கு வந்தேன். தம்பி பின்னாலேயே ஓடி வந்தான்.

"ஏன்க்கா இப்படிப் பண்ணின? தனியாக் கூப்பிட்டு ரெண்டு அறை விட்டிருக்கலாம்ல?"

"தனியா வந்து எங்கிட்ட கேட்டுட்டா எடுத்துக்கிட்டுப் போன?"

"கதையில ஆள் குறைவா இருந்தாத்தான்க்கா ஜனங்களுக்குப் பிடிக்கும். ரெண்டு பிள்ளைங்கன்னா கவனம் சிதறிடும். அதுக்காக ஒண்ணாக்கிட்டேன். உன்னக் குறைச்சு ஒரு வார்த்த சொன்னேனா?"

சிரிப்பு வந்தது. என்னை மொத்தமாக அழித்துவிட்டுக் குறைத்துச் சொல்லவில்லையாம். "ஆள் குறையணும்னா உன்ன எடுத்திருக்கலாமே. நீதான் அங்க இல்லவே இல்லையே" என்றேன்.

அவன் மனைவி இறங்கி வந்தாள். அவன் பக்கம் போகவில்லை. என் பக்கமும் வரவில்லை. கடைக் கண்ணாடிக்கு முன்னால் நின்று, உள்ளே அடுக்கியிருந்த புத்தகங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தம்பிக்கு அவளைக் கவனிக்கக்கூடத் தோன்றவில்லை. வேறு ஏதோ மெல்ல மெல்ல அவன் மண்டையில் இறங்கிக்கொண்டிருந்தது. மேடைக் குரல் போய்ப் பழைய குரல் வந்தது.

"அக்கா, அப்பா என்னக் கேக்கவே இல்லையா? ஒரு தடவகூடவா?"

அந்தச் சாயங்காலங்களில் வந்ததுபோலவே ஒரு பதில் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. எத்தனை சொன்னேன், இன்னொன்று சொல்வது பெரிய விஷயமா? விழுங்கிவிட்டேன்.

"வந்திருந்தா உனக்கே தெரிஞ்சிருக்கும்."

"கோபம் இல்லன்னு..."

"அப்பாவுக்கு இருந்துச்சான்னு தெரியாது" என்றேன். "எனக்கு இருக்கு."