நாலு மணிக்குக் கலங்கரை விளக்கம்

என் வீட்டுக்காரர் ஒரு பெரிய அலுவலகத்தில் பணியாளர் பிரிவின் கண்காணிப்பாளர். நேரம் கழித்து வந்தவர்கள், சொல்லாமல் லீவு போட்டவர்கள், கோப்பைத் தொலைத்தவர்கள் எல்லாருக்கும் மெமோ கொடுப்பதுதான் அவர் வேலை. 'மேற்படி செயலுக்கான தங்கள் விளக்கத்தை மூன்று நாட்களுக்குள் எழுத்து மூலம் தரவும்' என்று இருபத்தாறு வருடமாக எழுதி எழுதி, வீட்டிலும் அதே பேச்சு. பால் பொங்கி வழிந்தால் விளக்கம் கேட்பார். சாப்பாட்டில் உப்பு கூடினால் விளக்கம். ஹாஸ்டலில் இருக்கும் மகள் இரண்டு நாள் பேசவில்லை என்றால் அவளுக்கும் விளக்கம் கேட்டு ஒரு மெசேஜ் போகும். எங்கள் குடியிருப்பு வாண்டுகள் அவருக்கு வைத்திருக்கும் பெயர் மெமோ மாமா. அது அவருக்குத் தெரியாது. நான் போய்ச் சொன்னால் அதற்கும் நான்தான் விளக்கம் தர வேண்டியிருக்கும்.

இந்த மனிதரிடம் ஒரு விஷயத்தை எப்படிச் சொல்வது என்று பத்து நாளாக விழித்துக்கொண்டிருந்தேன். எங்கள் நகரத்துக்கு எதிரே, படகில் இருபது நிமிஷத்தில், ஒரு தீவு. அதுவும் நகரத்தின் ஒரு பகுதிதான். பழைய கோட்டை, கடல் அருங்காட்சியகம், சுங்க மாளிகை, கலங்கரை விளக்கம், கரையோரமாக நீள நடைபாதை. அங்கே வருகிறவர்களுக்குச் சுற்றிக் காட்டும் வழிகாட்டி வேலைக்கு நான் விண்ணப்பித்திருந்தேன். கிடைத்துவிட்டது! ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும், தவறினால் அடுத்தவருக்குப் போய்விடும் என்று மின்னஞ்சல் வந்திருந்தது.

இரண்டு வருடத்துக்கு முன்னாலும் இதே வேலைக்குப் போட்டேன். பதிலே வரவில்லை. படித்த சரித்திரமெல்லாம் பாத்திரம் தேய்த்ததில் கரைந்து போயிருக்கும் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். அன்றைக்கு அவர்தான், "விடும்மா, அவங்களுக்குத்தான் நஷ்டம்" என்று சொல்லி, தன் கையாலேயே ஒரு டீ போட்டுக் கொடுத்தார். கல்யாணமாகி அவர் போட்ட டீயை விரல் விட்டு எண்ணிவிடலாம் என்பதால் எனக்கு அது நன்றாக நினைவிருக்கிறது. இந்த முறை யாரிடமும் மூச்சு விடாமல் விண்ணப்பம் போட்டேன்.

என் திட்டம் எளிமையானது. ஞாயிற்றுக்கிழமை தீவுக்குக் கூட்டிப் போவது. ஊர் சுற்றிக் காட்டிவிட்டு, நாலு மணிக்கு அந்தக் கலங்கரை விளக்கத்தின் உச்சிக்கு ஏற்றிவிடுவது. நூற்று நாற்பத்திரண்டு படி. உச்சியில் மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கும்போது வேலை விஷயத்தைச் சொல்லிவிடுவது. மூச்சு வாங்குகிற மனிதரால் எப்படி விளக்கம் கேட்க முடியும்? அவருக்குப் பேச்சு வருவதற்குள் நான் கீழே இறங்கி அலுவலகத்துக்குப் போய்விடுவேன்.

எதையும் தாளில் போட்டுக் கொடுத்தால்தான் அவர் நம்புவார். அதனால் தொலைபேசிக்குப் பக்கத்தில் இருக்கும் சின்னக் குறிப்புத் தாளில் நிகழ்ச்சி நிரல் எழுதினேன். வழிகாட்டி ஆகப் போகிறவள் லைட் ஹவுஸ் என்றா எழுதுவது? பழகிக்கொள்ளலாம் என்று நல்ல தமிழில் எழுதினேன். தாள் ஒல்லி, என் எழுத்து குண்டு.

10 கோட்டை
11.30 அருங்காட்சியகம்
1 சாப்பாடு
2.30 சுங்க மாளிகை
4 கலங்கரை
விளக்கம்
5

ஐந்துக்கு எதிரே ஒன்றும் எழுதவில்லை. அங்கேதானே ரகசியம் இருக்கிறது.

படகில் அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு தாளைப் படித்தார். ஒரு தரம், இரண்டு தரம்.

"ஏம்மா, நாலு மணிக்கு என்னது இது?"

"எழுதியிருக்கேனே."

"சரி. அஞ்சுக்கு எதிர்ல ஒண்ணையும் காணோமே?"

"நாலு மணி எப்படிப் போகுதோ, அதைப் பொறுத்து."

என் கவலையில் நான் சொன்னேன். அவர் முகம் சுருங்கியது. தாளை நான்காக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துப் பித்தானும் போட்டுக்கொண்டார். படகு ஆடுவது ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

கோட்டையின் மேல் மதிலில் கடலைப் பார்த்தபடி பதினொரு பீரங்கிகள். நான் மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே, "இது ஒரே ஒரு தடவைதான் சுட்டதாம், அதுவும் தப்பான கப்பலை" என்று ஆரம்பித்தேன். அவர் பீரங்கியைப் பார்க்கவே இல்லை.

"அந்தப் பூந்தொட்டி," என்றார்.

"எந்தப் பூந்தொட்டி?"

"பால்கனியில உடைஞ்சுதே. பூனை தள்ளிவிட்டதுன்னு சொன்னேன். பூனை இல்ல. நான்தான். காலு பட்டுடுச்சு. நாலு மணி வரைக்கும் வச்சிருக்க வேணாம், இப்பவே சொல்லிடறேன். என் கவனக்குறைவுதான். இனிமே நடக்காது."

எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. அந்தப் பூனைக்கு நான் ஒரு வாரம் பால் வைக்காமல் இருந்தது மட்டும் நினைவுக்கு வந்தது. அப்புறம்தான் 'நாலு மணி' என்பது மண்டையில் உறைத்தது. அவருக்கு லைட் ஹவுஸ் என்றால் லைட் ஹவுஸ்தான். கலங்கரை என்பது ஏதோ ஒரு கரை, அங்கே நாலு மணிக்கு அவர் விளக்கம் தர வேண்டும்! ஊருக்கெல்லாம் மெமோ கொடுத்தவர் கையில் பெண்டாட்டி மெமோவைத் திணித்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.

ஒரு வார்த்தையில் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இருபத்திரண்டு வருடமாகப் பொங்கிய பாலுக்கெல்லாம் பதில் சொன்னவள் நான்.

"அவ்வளவுதானா?" என்று மட்டும் கேட்டேன்.

அவர் திருதிருவென்று விழித்தார்.

அருங்காட்சியகத்தின் நடுக்கூடத்தில் ஒரு திமிங்கலத்தின் எலும்புக்கூடு தொங்குகிறது. கீழே நின்றால் அதன் விலா எலும்புகளுக்கு நடுவே நாம் இருப்போம். அவர் அங்கே போய் நின்றுகொண்டு, யாரும் பக்கத்தில் இல்லை என்று பார்த்துக்கொண்டார்.

"டாக்டர் இனிப்பு தொடக் கூடாதுன்னு சொன்னாரு இல்ல..."

"ஆமா."

"ஆபீஸ் கேன்டீன்ல தினம் ஒண்ணு."

"தினமா?"

"வெள்ளிக்கிழமை ரெண்டு." குரல் இறங்கியது. "ரத்தப் பரிசோதனைக்கு முந்தின மூணு நாள் மட்டும் நிறுத்திடுவேன்."

நான் இவருக்காக வீட்டில் எட்டு மாதமாகச் சர்க்கரை இல்லாத டீ குடித்துக்கொண்டிருக்கிறேன். திமிங்கலம் விழுந்தால்கூடத் தேவலை என்று இருந்தது. ஆனாலும் கோபத்தை அடக்கிக்கொண்டேன். உள்ளுக்குள் சிரிப்பும் முட்டிக்கொண்டு வந்தது.

"அவ்வளவுதானா?"

கரையோரத்தில் சாப்பிட உட்கார்ந்தோம். குழம்பில் உப்பு கரித்தது. சமையல்காரரைக் கூப்பிட்டு விளக்கம் கேட்கிற ஆள், வாயைத் திறக்காமல் தட்டைக் காலி செய்தார். எனக்கே பாவமாகப் போய்விட்டது. இருந்தும் விளையாட்டு ருசித்துவிட்டது.

சுங்க மாளிகையில் அந்தக் காலக் கடத்தல்காரர்களிடம் பிடித்த சாமான்களைக் கண்ணாடிப் பெட்டிகளில் வைத்திருந்தார்கள். குதிகால் குடைந்த செருப்பு, அடியில் ரகசிய அறை வைத்த டப்பா, நடுப்பக்கங்களை வெட்டிக் குழி செய்த தடிப் புத்தகம். நான் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனேன். பின்னால் வந்த நாலைந்து பேர் என் பேச்சைக் கேட்டுக்கொண்டு கூடவே வந்தார்கள். ஒரு அம்மா என்னிடம் கேள்விகூடக் கேட்டாள். எனக்கு உச்சி குளிர்ந்தது. திரும்பிப் பார்த்தால் இவர் குழி செய்த புத்தகத்தின் முன்னால் நின்று வியர்த்துக்கொண்டிருக்கிறார்.

"உங்க அண்ணன் போன வருஷம் ஒரு வாரம் வந்து தங்கறேன்னு போன் பண்ணினாரு."

"எங்க அண்ணனா? எப்போ?"

"நீ குளிச்சிட்டிருந்த. நாம ஊர்ல இல்லன்னு சொல்லிட்டேன்."

"வீட்டு போன்லயா? வீட்டு போன்ல பேசிக்கிட்டே ஊர்ல இல்லன்னா சொன்னீங்க?"

"அவரும் சரின்னு வச்சிட்டாரு."

என் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. ஆனால் சரி என்று வைத்துவிட்ட என் அண்ணனின் புத்திசாலித்தனத்தை நினைத்ததும் சிரிப்பை அடக்க முடியாமல், நங்கூரப் படம் பார்ப்பது போலச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன். தோள் குலுங்கியது. நான் அழுகிறேன் என்று அவர் நினைத்திருக்க வேண்டும்.

வெளியே வந்தபோது மூன்றே முக்கால். நடைபாதையில் ஒரு பெஞ்சு. உட்கார்ந்தோம். எதிரே எங்கள் நகரம், இடையில் தண்ணீர், வலப்பக்கம் வெள்ளையும் சிவப்புமாக அந்தக் கோபுரம். இனிமேல் போதும், உண்மையைச் சொல்லி மேலே கூட்டிப் போகலாம் என்றுதான் இருந்தேன். கடைசியாக ஒரு தரம், பழக்கதோஷத்தில் கேட்டேன்.

"அவ்வளவுதானா?"

அவர் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"உனக்குத் தெரிஞ்சு போச்சு. அதனாலதான் இங்க கூட்டிட்டு வந்திருக்க. கோட்டையிலயே புரிஞ்சுது."

"சொல்லுங்க."

"ரெண்டு வருஷம் முன்னாடி, நீ உன் தங்கச்சி பிரசவத்துக்குப் போயிருந்தப்போ, இங்கேருந்து உனக்கு லெட்டர் வந்துச்சு. நேர்காணலுக்கு வரச் சொல்லி."

நான் அவர் பக்கம் திரும்பினேன்.

"அந்தத் தேதி தாண்டிப் போகட்டும்னு என் ஆபீஸ் டிராயர்ல வச்சுட்டேன். இன்னும் அங்கதான் இருக்கு. தூக்கிப் போட மனசு வரல." நிறுத்தினார். "பூட்டின வீட்டைத் தெறந்துகிட்டு உள்ள போறது எனக்குப் பிடிக்காது. அதான். வேற காரணம் ஒண்ணும் இல்ல."

அந்த டீயை நினைத்துக்கொண்டேன். டிராயரில் கடிதத்தை வைத்துப் பூட்டிவிட்டு வந்து, எனக்கு டீ போட்டுக் கொடுத்திருக்கிறார். 'அவங்களுக்குத்தான் நஷ்டம்.' அதற்கப்புறம் நான் என் பழைய குறிப்பு நோட்டுகளை எல்லாம் எடைக்குப் போட்டேன். மகள் பாடத்தில் ஏதாவது கேட்டால், "எனக்கு அவ்வளவு தெரியாது, டீச்சரைக் கேளு" என்று சொல்ல ஆரம்பித்தேன். இரண்டு வருடம் என்னை நானே மட்டமாக நினைத்துக்கொண்டிருந்தேன். பக்கத்துத் தலையணையில் படுத்திருந்தவருக்கு அது பொய் என்று தெரியும். அவரைப் பிடித்து அந்தத் தண்ணீரில் தள்ள வேண்டும் போல இருந்தது, நிஜமாகவே.

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். எழுந்து நின்று சட்டையைச் சரி செய்துகொண்டார்.

"மணி நாலாகப் போகுது. கலங்கரை எங்க இருக்கு? அங்க வந்து எல்லாத்தையும் எழுதியே குடுத்துடறேன்."

நான் கையை நீட்டிக் காட்டினேன்.

"அது லைட் ஹவுஸ்."

"அதுக்குத்தான் தமிழ்ல கலங்கரை விளக்கம்னு பேரு."

அவர் பையிலிருந்து தாளை எடுத்துப் பிரித்தார். தாளைப் பார்த்தார், கோபுரத்தைப் பார்த்தார், மறுபடி தாளைப் பார்த்தார். முகத்தில் ஈயாடவில்லை.

"அப்போ... நான் வாயையே திறந்திருக்க வேண்டாமா?"

"வேண்டாம்."

"பூந்தொட்டி?"

"பூனைன்னே நினைச்சிருப்பேன்."

"லெட்டர்?"

"அதுவும் தெரியாது."

அவர் பொத்தென்று பெஞ்சில் உட்கார்ந்தார். வேறொரு நாளாக இருந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன். கொஞ்சம் சிரித்தும் விட்டேன், கண்ணில் தண்ணீரோடு. பிறகு விஷயத்தைச் சொன்னேன். மறுபடி விண்ணப்பித்தது, தேர்வானது, ஐந்து மணி. உச்சியில் வைத்து நாலு வரியில் சொல்ல நினைத்ததைப் பெஞ்சிலேயே இரண்டு வரியில் சொல்லி முடித்துவிட்டேன். அவர் இதற்கு விளக்கம் எதுவும் கேட்கவில்லை.

"நானும் கூட வரட்டுமா?" என்றார்.

"வேண்டாம். டிக்கெட் வாங்கியாச்சு, வீணாக்க வேண்டாம். நீங்க மேல ஏறிப் பாருங்க."

"எத்தனை படி?"

"கொஞ்சம்தான்."

அருங்காட்சியகத்தின் பின்பக்கம் அலுவலகம். என் மகளைவிட நாலைந்து வயது பெரியவளாக ஒரு பெண் அதிகாரி, நாற்காலி போட்டு உட்காரச் சொன்னாள். ஜன்னல் வழியாகக் கோபுரம் தெரிந்தது. பாதி உயரத்தில் இருந்த சின்னத் திறப்பில் ஒரு சட்டை கொஞ்ச நேரம் நின்று இளைப்பாறிவிட்டு மேலே போனது. இரக்கம் வரும் என்று பார்த்தேன், வரவில்லை.

படிவத்தில் பெயர், பிறந்த தேதி, படிப்பு எல்லாம் மளமளவென்று எழுதினேன். படிப்புக்கு நேரே 'சரித்திரம்' என்று எழுதும்போது பேனாவைக் கொஞ்சம் அழுத்தியே எழுதினேன். கையெழுத்தும் போட்டேன். நாலு இருபது. கடைசிக் கட்டத்தில், கடிதங்கள் அனுப்ப வேண்டிய முகவரி என்று இருந்தது. வீட்டுக் கதவு எண்ணை எழுதப் போன கை நின்றது. யோசித்து, மேஜை மேல் இருந்த உறையைப் பார்த்து எழுதிக் கொடுத்தேன்.

அவள் படித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"மேடம், இது நம்ம அருங்காட்சியகத்தோட அட்ரஸ் ஆச்சே?"

"ஆமாம்மா. இங்க போட்டா எனக்கு வந்து சேரும்."