எண்ணிக்கையில் ஒருவர் குறைவு

“ஓரம், சார், ஓரம்! பின்னாடி இன்னும் நாலு பேரு!”

தலைக்கவசம் அணிந்த இளைஞன் ஒருவன் இப்படிக் கூவிக்கொண்டே மிதிவண்டியில் எங்களைக் கடந்து சரிவில் இறங்கினான். நானும் என் காலைநடைத் துணையான கோவிந்தப்பாவும் ஒற்றையடிப் பாதையை விட்டு விலகிப் புதரோரமாக நின்றோம். இரண்டாயிரத்து எட்டாம் ஆண்டின் சனவரி மாதத்து ஞாயிற்றுக்கிழமை. மணி இன்னும் ஏழாகவில்லை. நகரை ஒட்டிய துரஹள்ளிக் காட்டின் தைலமரங்களுக்கிடையே பனி கலையாமல் நின்றது.

இவ்வாறு எண்ணிக்கை சொல்வது மிதிவண்டிக்காரர்கள் தாமாக ஏற்றுக்கொண்ட நாகரிகம் அன்று. ஒரு மாதத்துக்கு முன், சுள்ளி பொறுக்கிக்கொண்டிருந்த, காட்டோரக் குடிசைவாசி வள்ளியம்மாவைப் பின்னாலிருந்து வந்த மிதிவண்டி ஒன்று இடித்துத் தள்ளியது. இடித்தவன் நிற்கவும் இல்லை. திரும்பிப் பார்க்கவும் இல்லை. அவருக்கு விலா எலும்பு முறிந்தது. முப்பத்தோராண்டு ஆசிரியராக இருந்தவன் நான். அடுத்த ஞாயிறு அவர்களை வழிமறித்து, நடப்பவர்களுக்கும் உரிய இந்தப் பாதை பந்தயக்களம் அன்று என்பதை அரைமணி நேரம் எடுத்துரைத்தேன். அதன் பின்னரே இந்த ஏற்பாடு வந்தது. முதலில் வருபவர் தமக்குப் பின்னால் எத்தனை பேர் என்று சொல்லவேண்டும். இறுதியாக வருபவர் ‘நான்தான் கடைசி’ என்று சொல்லவேண்டும். அதைக் கேட்ட பிறகே நடப்பவர்கள் பாதையில் கால்வைக்கலாம்.

ஏற்பாடு வந்தது, வேகம் குறையவில்லை. ஆகவே, நேற்று மாலை நாங்கள் இருவரும் ஒரு காரியம் செய்தோம். மேலே, பாறையைச் சுற்றிப் பாதை சட்டென்று திரும்பும் இடத்தில், காற்றில் முறிந்து கிடந்த தைலமரத்துண்டு ஒன்றை மூச்சிரைக்க உருட்டிவந்து குறுக்கே போட்டோம். இறங்கி, வண்டியைத் தூக்கிக்கொண்டு தாண்டட்டும் என்பது என் எண்ணம்.

நால்வரில் ஒருவன் போனான். அடுத்தவனும் போனான். மூன்றாமவன் எங்களைக் கண்டு வேகத்தைச் சற்றுக் குறைத்தான்.

“மேல மரம் ஒண்ணு குறுக்க கெடக்குது சார், பாத்துப் போங்க. நாங்க சும்மா ஜம்ப் பண்ணி வந்துட்டோம்!”

கோவிந்தப்பா சிரித்தார். பேருந்துப் பணிமனையில் வேலைபார்த்து ஓய்வுபெற்றவர். நகரில் தமிழர் மிகுந்த நீலசந்திராவில் பிறந்து வளர்ந்தவர். என்னைக் கன்னட வழக்கப்படி ‘மேஷ்ட்ரே’ என்றுதான் அழைப்பார்.

“கேட்டீங்களா மேஷ்ட்ரே? எகிறிக் குதிச்சானுங்களாம். நாம என்னமோ கோட்டைச் சுவரு கட்டுனாப்பல ராத்திரியெல்லாம் முதுகப் புடிச்சிக்கினு கெடந்தோம்.”

நான் சிரிக்கவில்லை. நான்காவது ஆள் வரவேண்டும். பாதை வெறுமையாக இருந்தது. இரண்டு நிமிடங்கள் கழிந்தன, பிறகு ஐந்து.

“நாலாவது ஆள் வரலையே, கோவிந்தப்பா.”

“ஒண்ணுக்குப் போயிருப்பான். நீங்க ஏன் அட்டெண்டன்ஸ் எடுக்கறீங்க?”

இறங்கிப் போனவர்கள் இந்நேரம் பெருஞ்சாலைத் தேநீர்க்கடையை அடைந்திருப்பார்கள். ஓர் ஆள் குறைகிறது என்பது இந்தக் காட்டில் எங்கள் இருவருக்கு மட்டுமே தெரியும். ஏன் குறைகிறது என்பதும் எங்களுக்குத்தான் தெரியும்.

“நான் மேலே போய்ப் பார்க்கிறேன்.”

கோவிந்தப்பாவின் முகத்திலிருந்த சிரிப்பு அற்றுப்போயிற்று. “வேணாம். எவனாவது மண்டைய ஒடச்சிக்கினு கெடந்தா, போலீஸ் மொதல்ல கேக்கறதே ‘மரம் யாரு போட்டது’ன்னுதான். எம் பொண்ணு வீணாவுக்கு அடுத்த மாசம் கல்யாணம். நான் இன்னிக்கு ஒங்க கூட வரல, மேஷ்ட்ரே. நேத்தும் வரல. தெரிஞ்சுதா?”

அவர் விடுவிடுவென்று கீழே இறங்கிப்போனார்.

நான் ஏறினேன். “யாராவது இருக்கிறீர்களா?” என்று, அறுபது மாணவர்களை அடக்கிய குரலில் கூப்பிட்டுக்கொண்டே போனேன். காய்ந்த தைல இலைகள் என் காலடியிலேயே நொறுங்கினாலும், வேறு யாரோ பின்தொடர்வதுபோல் இருமுறை திரும்பிப் பார்த்தேன். பாறை தெரிந்தது. பாறைக்கு இப்பால், பாதையின் நடுவே, மஞ்சள் நிறக் காலணி ஒன்று தெரிந்தது. அதற்குள் கால் இருந்தது. அது அசையவில்லை.

இருபத்தைந்து வயதிருக்கும் பெண். மரத்துண்டுக்கு இப்பால் வண்டி ஒருபுறம் கிடந்தது, அவள் மறுபுறம் கிடந்தாள். தலைக்கவசம் பிளந்திருந்தது. மண்டியிட்டு அவள் மூக்கருகே விரலைக் கொண்டுபோனேன். பனிக்காற்றில் மூச்சு இருப்பதும் இல்லாததும் எனக்குப் புலப்படவில்லை.

“அம்மா! ஏம்மா!”

அவள் கண்களைத் திறந்தாள். “கையத் தொடாதீங்க!” என்று அலறினாள். வலது மணிக்கட்டு திரும்பக்கூடாத பக்கம் திரும்பியிருந்தது.

“அம்மா, இந்த மரம்...”

“மரத்த விடுங்க சார். மணி என்ன?”

“ஏழு பத்து.”

அவள் எழ முயன்று மறுபடி சாய்ந்தாள். “ஐயோ, அடுத்த பேட்ச் ஏழு மணிக்குக் கெளம்பியிருக்கும். மூணு பேரு. இன்னிக்குத்தான் மொதல் தடவ வராங்க, ஜம்ப்பெல்லாம் தெரியாது. பாறை மறைக்கும், நான் கெடக்கறது தெரியாது. நிறுத்துங்க சார்!”

மரத்துண்டின்மேல் இரு கைகளையும் ஊன்றித் தள்ளினேன். தோளைக் கொடுத்துத் தள்ளினேன். அது அசையவில்லை. அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். மேலே எங்கோ சங்கிலி ஓடும் ஓசை கேட்டது.

ஓடினேன். வளைவுக்கு மேலே நாற்பதடி தொலைவு போவதற்குள் நெஞ்சு அடைத்தது. பாதையின் நடுவில் நின்று, கழுத்துத்துண்டை உருவி வீசினேன். வெள்ளைத் தலைக்கவசம் ஒன்று மரங்களிடையே பெரிதாகிக்கொண்டே வந்தது. என் கால்கள் தாமாகவே ஓரத்துக்கு நகர முனைந்தன. நான் நகரவில்லை.

சக்கரம் புழுதியைக் கிழித்து, என் முழங்காலில் மோதி நின்றது.

“பைத்தியமா சார் நீங்க?”

“கீழே ஒரு பெண் விழுந்து கிடக்கிறாள். பின்னால் எத்தனை பேர்?”

“ரெண்டு பேரு.”

இருவரும் வந்து நிற்கும் வரை துண்டை வீசிக்கொண்டே இருந்தேன்.

மூவரும் சேர்ந்து மரத்தை அகற்றினார்கள். ஒருவன் அந்தப் பெண்ணை, லாவண்யாவை, நிமிர்த்திப் பாறையில் சாய்த்து, மணிக்கட்டைத் துணியால் கட்டினான். முதலில் வந்த ரகுராம் மண்ணில் பதிந்திருந்த தடத்தைக் குனிந்து பார்த்தான்.

“இது தானா விழுந்த மரம் இல்ல. யாரோ உருட்டிட்டு வந்து போட்டிருக்காங்க. ஆளக் கொல்லணும்னே போட்டிருக்காங்க.”

“நான்தான் போட்டேன்” என்றேன்.

நால்வரும் என்னைப் பார்த்தார்கள்.

“நீங்களா? தனியாவா?”

“ஆமாம். தனியாக.”

“பொய் சொல்லாதீங்க சார்.” லாவண்யாவின் குரல் வலியில் நடுங்கியது. “இப்ப தள்ளினீங்களே, ஒரு இன்ச் நகந்துதா? கூட இன்னும் யாரோ இருக்காங்க.”

ரகுராம் கைப்பேசியை எடுத்தான். “பேரு, அட்ரஸ் சொல்லுங்க.”

சிவசங்கரன், ஓய்வுபெற்ற ஆசிரியர் என்று தொடங்கி, வீட்டு எண், குறுக்குத்தெரு, தொலைபேசி எண் அனைத்தையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். அவன் பொத்தான்களை அழுத்தி முடித்து நிமிர்ந்தான்.

“ரெண்டாவது ஆளு யாரு?”

பொய் சொன்ன மாணவர்களை முப்பத்தோராண்டும் வகுப்பில் எழுந்து நிற்கவைத்தவன் நான். முழங்காலிலிருந்து இரத்தம் வேட்டியில் ஊறி இறங்கியது. காவல் நிலையத்திலும் இதே கேள்வியைத்தான் கேட்பார்கள். அடுத்த மாதம், வீணாவின் திருமணம் வரை கேட்டுக்கொண்டே இருப்பார்கள்.

“என் பெயரை மட்டும்தான் சொல்ல முடியும்” என்று சொல்லிவிட்டு, அவளுடைய வண்டியை நிமிர்த்தித் தள்ளிக்கொண்டு அவர்களுக்குப் பின்னால் இறங்கினேன்.